குரலைக் குறைக்கச் சொன்னார்கள்

காலையில் வேலைக்குப் போகும்போது என் மச்சாள் காருக்குள் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பாள். "இந்த மருந்தை இன்னொருக்காச் சோதிக்க வேணும்." பிரெஞ்சில் அது சின்ன வசனம். முதலில் தன் இயல்பான குரலில் சொல்லுவாள். பிறகு கொஞ்சம் மெதுவாக. பிறகு முன்னால் "குறை நினையாதையுங்கோ" என்று சேர்த்து. கடைசியில் ஒரு சிரிப்பையும் ஒட்டி. சிவப்பு விளக்கில் கார் நிற்கும்போது என் பக்கம் திரும்பி, "இப்ப கோபமாக் கேக்குதா?" என்று கேட்பாள்.

"இல்லை."

"உண்மையாச் சொல்லு."

"உண்மையாத்தான். கெஞ்சுற மாதிரிக் கேக்குது."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டுக் காரை எடுப்பாள்.

அவள் என் அண்ணையின் மனைவி. ஹெயிட்டியில் இருந்து வந்த தாய் தகப்பனுக்கு மொன்றியலிலேயே பிறந்து வளர்ந்தவள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. கலியாணத்துக்கு முன்னமே எங்களிடம் கேட்டு அவள் பழகிக்கொண்ட முதல் தமிழ்ச் சொல் 'மச்சாள்'. நான் அவளுக்கு மச்சாள், அவளும் எனக்கு மச்சாள் என்றதும் அவளுக்குப் பெரிய சந்தோசம். "ஒரே சொல்லை ரெண்டு பேரும் பாவிக்கலாமா? நல்ல பாஷை," என்றாள். மற்றதெல்லாம் எங்களுக்குள் பிரெஞ்சும் ஆங்கிலமும்தான். அவள் சொன்னதையெல்லாம் எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன்.

எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பிரெஞ்சுப் பூசை முடிந்து ஹெயிட்டிக்காரர் வெளியே வர, தமிழ்ப் பூசைக்கு நாங்கள் உள்ளே போவோம். அண்ணை ஒருபோதும் நேரத்துக்குக் கோயிலுக்குப் போகாத ஆள். திடீரென்று முன்கூட்டியே போகத் தொடங்கினார். முன் வரிசையில் நின்று பாடிய ஒரு பெண்ணின் குரலுக்காகத்தான் போனார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கலியாணம் என்றதும் ரொரன்ரோவில் இருந்து சித்தி ஃபோன் எடுத்தா. "கறுவலையே கட்டப்போறாய்? வேற ஆக்கள் கிடைக்கேல்லையே?" என்று கேட்டா. அண்ணை துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓடுகிறவர், அதிகம் கதைக்கமாட்டார். "ஓம் சித்தி. கலியாணத்துக்கு வாங்கோ," என்று மட்டும் சொன்னார். சித்தி வரவில்லை.

மொன்றியல்-நோர் பகுதியில் ஒரு பழைய இரண்டு மாடி வீட்டில் கீழே அவர்கள், மேலே நான். நான் தனி ஆள். சென்ட் லோரன்ட்டில் உள்ள ஒரு மருந்துத் தொழிற்சாலையில் எனக்கு வேலை எடுத்துத் தந்ததும் மச்சாள்தான். நான் கீழே பொதி கட்டும் பகுதியில். மாத்திரைப் போத்தல்களைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. அவள் மேல் மாடியில் ஆய்வுகூடத்தில். பல்கலைக்கழகம் முடித்த கையோடு அங்கே சேர்ந்தவள். நான் சேர்ந்த புதிதில், மதிய நேரத்தில் அவள் ஆய்வுகூடத்து ஆட்களோடு மாடிப்படியால் இறங்கி வருவது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆளைக் காண முன்னமே சிரிப்புக் கேட்கும். பொதி கட்டுகிற பெண்கள் நிமிர்ந்து பார்த்துத் தாங்களும் சிரிப்பார்கள், என்ன பகிடி என்று தெரியாமலே.

பழைய முகாமையாளர் ஓய்வு பெற்றுப் போய்ப் புதியவர் வந்த பிறகுதான் எல்லாம் மாறியது. புதியவர் இளம் ஆள். நல்ல மரியாதை. கையில் எந்நேரமும் ஒரு கோப்பிக் கோப்பை. எல்லோருக்கும் பொன்ஜூர் சொல்லுவார், எனக்கும் சொல்லுவார். வந்து கொஞ்ச நாளில் மச்சாளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உன்ர வேலையில ஒரு குறையும் இல்லை," என்றாராம். "ஆனா உன்ர தொனிதான் கொஞ்சம் கடுமையா இருக்கு. உன்னோட கதைக்க ஆக்கள் பயப்பிடீனம்."

"ஆர் பயப்பிடீனம்?"

"அதை நான் சொல்லக்கூடாது."

நடந்தது இவ்வளவுதான். ஒரு சோதனையின் முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, திரும்பச் செய்ய வேண்டும் என்று பக்கத்து மேசைக்காரருக்கு அவள் சொல்லியிருக்கிறாள். அதே விஷயத்தை அதே ஆளிடம் வேறொரு பெண் போன கிழமை கத்தியே சொல்லியிருந்தாள். அந்தப் பெண் வெள்ளைக்காரி. அதை எல்லோரும் சிரித்துக்கொண்டு கேட்டார்கள். மச்சாள் இதை எனக்குச் சொன்னபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. குழம்பிப்போயிருந்தாள். "ஆர் எண்டு சொல்லியிருந்தா, போய் மன்னிப்புக் கேட்டிருப்பன்," என்றாள். அதற்குப் பிறகு அந்த அறையில் உள்ள ஒவ்வொரு முகத்தையும், இவரா, இவளா என்று பார்த்தபடி அவள் வேலை செய்தாள். அப்போதுதான் காருக்குள் அந்த ஒத்திகையும் தொடங்கியது.

குரலைக் குறைத்தாள். கூட்டங்களில் கேட்டால் மட்டும் பதில் சொன்னாள். மதியம் தனியே சாப்பிட்டாள். வருட முடிவில் திரும்பவும் கூப்பிட்டு, "நீ ஒதுங்கி இருக்கிறாய், ஒருத்தரோடையும் சேருறாயில்லை," என்றார்கள். அன்று பின்னேரம் காருக்குள் ஏறி இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். நான் அந்தச் சிரிப்பில் சேரவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அந்த ஆய்வுகூடத்தில் முன்பு இன்னொரு கறுப்புப் பெண் வேலை செய்திருக்கிறாள். அவள் எப்போதோ விலகிப் போய்விட்டாள். ஆனால் மச்சாளை அந்தப் பெண்ணின் பெயராலேயே சிலர் கூப்பிட்டார்கள். அவள் கட்டையான பெண்ணாம், கண்ணாடி போட்டவளாம். மச்சாள் நெடுவல். முதலில் சிரித்துக்கொண்டு திருத்தினாள். பிறகு சிரிக்காமல் திருத்தினாள். ஒருநாள் எல்லோரும் இருந்த கூட்டத்தில் முகாமையாளரே அந்தப் பெயரைச் சொல்ல, "அது நானில்லை. அவ போய்க் கனகாலம்," என்றாள். அவர் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாராம். பிறகு அவர் மெதுவாக, "இதைத்தான் தொனி எண்டு நான் சொன்னனான்," என்றாராம்.

அந்தப் பனிக்காலத்தில் அவளுக்குப் பிள்ளை தங்கியிருந்தது. கனகாலம் காத்திருந்து வந்த பிள்ளை. அண்ணை துறைமுகத்தில் இருந்து வரும்போது ஒவ்வொரு நாளும் ஏதாவது பழம் வாங்கிக்கொண்டு வருவார். ஐந்தாம் மாதம் தொடங்க முன்னமே அது கலைந்துவிட்டது. ஆசுப்பத்திரியில் அவள் தாய் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் கையைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அண்ணை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆய்வுகூடத்தில் ஒரு பெரிய பரிசோதனை வருகிறது என்று சொல்லி அவள் கெதியிலேயே வேலைக்குத் திரும்பிவிட்டாள். வேண்டாம் என்று நாங்கள் சொன்னோம். "இப்ப லீவு எடுத்தா அதையும் ஏதும் சொல்லுவினம்," என்றாள். போன முதல் நாள் பின்னேரம் காரில் ஏறியதும் சாவியைப் போடாமல் இருந்தாள்.

"முகாமையாளர் வந்து தோளில கை வைச்சவர்," என்றாள். "என்ன சொன்னவர் தெரியுமா? 'நீ பலமான பொம்பிளை. உன்னைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.' கவலையே இல்லையாம், மச்சாள்."

நான் சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"அவருக்குக் கவலைப்படத் தெரியாமலில்லை," என்றாள். "பக்கத்து மேசைப் பிள்ளையின்ர நாய் செத்த நேரம், நீ வீட்டை போ, ரெண்டு நாள் வராதை எண்டு அனுப்பினவர். எனக்கு அந்தப் பிள்ளையில கோபமில்லை. நாய் செத்தா அழுகை வரும்தானே."

சாவியைப் போட்டாள். ஹைவேயில் போகும்போது வானொலியில் ஏதோ ஒரு பாட்டுப் போனது. வழக்கமாக அவள் கூடப் பாடுவாள். அன்று கையை நீட்டி அதை நிறுத்தினாள். அதற்குப் பிறகு காரில் நாங்கள் வானொலி போட்டதில்லை.

வீட்டிலும் அவள் குரல் மாறிவிட்டது. அண்ணை ஒருநாள் மேலே என்னிடம் வந்து, "இவள் என்னோட வங்கியில கதைக்கிற மாதிரிக் கதைக்கிறாள்," என்றார். "தேத்தண்ணி வேணுமோ எண்டு கேக்கிறதுக்கும் குறை நினையாதையுங்கோ எண்டு சொல்லுறாள். நான் என்ன பிழை விட்டனான்?" அவர் ஒரு பிழையும் விடவில்லை என்று சொன்னேன். நம்பினாரோ தெரியாது.

தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் ஒரு மதியம். எங்கள் மேசையில் பொதி கட்டுகிற பெண்கள் ஐந்தாறு பேர். எல்லா நாட்டு ஆட்களும் இருப்பார்கள். அதில் ஒரு யாழ்ப்பாணத்து அக்காவும் இருந்தா. இயந்திரப் பக்கத்தில் வேலை செய்யும் ஒரு கியூபெக்காரி கதையைத் தொடங்கினாள். "மேல இருக்கிற அந்தக் கறுத்தப் பொம்பிளை நேற்றும் ஆரையோ அழ வைச்சிட்டாளாம்." மற்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவள் பார்க்கிற பார்வை, அவள் நடக்கிற நடை. யாழ்ப்பாணத்து அக்கா என் பக்கம் சாய்ந்து தமிழில், "உந்தக் கறுவலோட ஒரே கார்ல வாறீர், பயமில்லையே?" என்று கேட்டுச் சிரித்தா. நான் அவளிடம் வெறுமனே லிஃப்ட் எடுக்கிறேன் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

நான் எல்லோருக்கும் விளங்கட்டும் என்று பிரெஞ்சில் சொன்னேன். "அவ என்ர அண்ணையின்ர மனைவி. நேற்று மேல ஒருத்தரும் அழேல்லை. அழுதது அவதான். கழிப்பறைக்குள்ள."

கரண்டிகள் அப்படியே நின்றன. கியூபெக்காரி, "எனக்குத் தெரியாது," என்றாள். பிறகு, "நான் தப்பா ஒண்டும் சொல்லேல்லையே," என்றாள். யாழ்ப்பாணத்து அக்கா தன் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு எழும்பினா. அடுத்த நாளில் இருந்து அந்த மேசையில் நான் இருக்கிற பக்கம் வெறுமையாக இருந்தது. அது எனக்குப் பெரிய விஷயமில்லை.

ஆனால் கதை மேல் மாடிக்கும் போய்விட்டது. பின்னேரம் மச்சாள் காரில் ஏறியதும், "நீ ஏன் சொன்னனீ?" என்று கேட்டாள். குரலில் கோபமில்லை, களைப்புத்தான். "அவைக்குத் தெரியக்கூடாது எண்டுதானே கழிப்பறைக்குள்ள போய் அழுதனான். அழுறதுக்கு எனக்கு அங்க இருந்த இடம் அது ஒண்டுதான்."

பிறகு அவளே என் கையைத் தட்டினாள். "பரவாயில்லை. உன்னில பிழை இல்லை. ஆரோ ஒருத்தர் எனக்காகக் கதைச்சது இதுதான் முதல் தரம்."

உப்புப் போட்டு அழுக்கான பனி குவிந்து கிடந்த ஒரு காலை. தொழிற்சாலை வாகனத் தரிப்பிடத்தில் வழக்கமான இடத்தில் காரை விட்டாள். நான் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டேன். அவள் இறங்கவில்லை.

"நீ போ, வாறன்," என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். விரல் மூட்டுகள் வெளிறிப்போயிருந்தன.

"என்ன மச்சாள்?"

"கை வருகுதில்லை."

நான் விளையாட்டென்று நினைத்தேன். பிறகு அவள் மூச்சு விடுகிற விதத்தைக் கண்டேன். ஓடி வந்தவள் மாதிரி. நான் கதவை மூடிவிட்டு அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். எடுத்த கையைத் தன் மடியில் வைத்து, அது வேறு யாருடையதோ மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது எனக்குக் கார் ஓடத் தெரியாது. அண்ணைக்கு ஃபோன் எடுத்தேன். அவர் துறைமுகத்தில் கொள்கலன் ஏற்றுகிற வரிசையில் லொறியோடு நின்றார். "வாறன். அவளைத் தனிய விடாதை," என்றார்.

ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருந்தோம். வேலைக்கு வருகிற ஆட்கள் காரைத் தாண்டிப் போனார்கள். முகாமையாளரும் வந்தார். கோப்பையோடு. கண்ணாடியால் எங்களைக் கண்டு, கோப்பை பிடித்த கையை உயர்த்திக் காட்டினார். மச்சாள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். அழகான, சுத்தமான சிரிப்பு. அவர் கதவைத் திறந்து உள்ளே போனதும் அவள் உடம்பு முழுக்க நடுங்கத் தொடங்கியது.

"பாத்தியா," என்றாள். "என்ர முகம் என்னைக் கேக்காமலே சிரிக்குது."

அண்ணை டாக்ஸியில் வந்து இறங்கினார். லொறியை எங்கே, யாரிடம் விட்டார் என்று நான் கேட்கவில்லை. பின் இருக்கையில் அவளை ஏற்றி அவள் தலையை என் மடியில் வைத்தோம். வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்துப் பார்த்துக் காரை ஓடினார்.

வைத்தியர் வேலைக்குப் போக வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். நித்திரைக்கும் மனதுக்கும் குளிசை கொடுத்தார். அவள் படுக்கையிலேயே கிடந்தாள். தலைமயிரை வாரி இழுப்பதற்குக்கூட விடவில்லை. சில நாட்கள் நான் வேலையால் வந்து அவளுக்குப் பக்கத்தில் சும்மா படுத்திருப்பேன். கதைத்தால் கதைப்பாள். இல்லாவிட்டால் கூரையைப் பார்ப்பாள்.

லீவுக் காசு கொடுக்கிற காப்புறுதிக்காரர் தங்கள் வைத்தியர் ஒருவரை ஃபோனில் கதைக்க வைத்தார்கள். நான் பக்கத்தில் இருந்தேன். அந்த வைத்தியப் பெண் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் மச்சாள் ஒழுங்காக, மெதுவாக, முழு வசனத்தில் பதில் சொன்னாள். காருக்குள் பழகிய அதே குரல். கடைசியில் அந்தப் பெண், "நீங்கள் நல்ல நிதானமாக் கதைக்கிறீங்கள், மதாம். படிப்படியா வேலைக்குத் திரும்புறதைப் பற்றி யோசிக்கலாம்," என்றா. ஃபோனை வைத்துவிட்டு மச்சாள் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். "சத்தம் போட்டா நான் பயங்கரமான ஆள். போடாட்டி எனக்கு ஒரு நோயும் இல்லை," என்று போர்வைக்குள் இருந்து சொன்னாள்.

அவள் தாய் ஒவ்வொரு நாளும் பஸ் ஏறி வருவா, பூசணிக்காய் சூப்போடு. வயது போனவர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களைக் குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, காலமெல்லாம் அந்த வேலை செய்தவ. அவவுக்கு மகள் படுத்திருப்பது விளங்கவில்லை. ஒருநாள் கட்டிலின் விளிம்பில் இருந்துகொண்டு கிரியோலில் நெடுநேரம் கதைத்தா. மச்சாள் எனக்காக இடையிடையே பிரெஞ்சில் சொன்னாள். "தனக்கும் இப்பிடித்தானாம். தான் கழுவிவிட்ட ஆக்களே தன்னைக் கேட்கக்கூடாத பேர் சொல்லிக் கூப்பிட்டவையாம். தான் வீட்டை வந்து சமைச்சவவாம். ஜெபிச்சவவாம். வைத்தியரிட்டைப் போகேல்லையாம்."

"அம்மாவிட்டைக் கேள்," என்றேன், "அவ அழேல்லையோ எண்டு."

மச்சாள் கேட்டாள். தாய் சூப்புச் சட்டியின் மூடியைத் திறந்து மூடினா.

"பஸ்ஸில," என்றா. அது எனக்கும் விளங்கியது. "மற்ற ஆக்கள் இறங்கினாப் பிறகு."

மச்சாள் எழும்பி இருந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு தானாக எழும்பி இருந்தாள். தாயின் முகத்தைப் பார்த்தாள். தாய் எங்கள் ஒருவரையும் பார்க்கவில்லை. பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் சட்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.

அண்ணைக்கு ஆத்திரம். "நான் போய் அந்த ஆளைக் கேக்கிறன்," என்று ஒருநாள் சப்பாத்தைப் போட்டுவிட்டார். மச்சாள் கட்டிலில் இருந்தபடியே தடுத்தாள். "நீ போனா பொலிசைக் கூப்பிடுவினம். உன்னைக் கண்டும் பயந்ததெண்டு சொல்லுவினம்." அவர் வாசலிலேயே சப்பாத்தோடு நின்றார். பிறகு கழற்றினார். அந்த மாதத்தில் ஒரு பின்னேரம் அவள் என்னிடம், "நான் இல்லாமப் போனா உங்களுக்கெல்லாம் லேசா இருக்கும்," என்றாள். சாதாரணமாக, நாளைக்கு மழை வரும் என்பது போலச் சொன்னாள். நான் அண்ணையிடம் சொன்னேன். அன்றே அவர் அவளை ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நிலத்தில் இருப்பார். "இருக்கிறியா?" என்று இடைக்கிடை தமிழில் கேட்பார். "இருக்கிறன்," என்று அவளும் தமிழில் சொல்லுவாள். அவள் அப்படிப் பழகிய சொல் அது.

தொழிற்சங்கத்தின் மூலம் முறைப்பாடு செய்தோம். மனிதவளப் பிரிவில் இருந்து இரண்டு பேர் வந்து ஆட்களைக் கேட்டார்கள். ஆய்வுகூடத்தில் யாரும் எதையும் பெரிதாகக் கண்டிருக்கவில்லை. அந்தப் பெயர் விஷயம் ஒரு மறதி. தொனி விஷயம் ஒரு அறிவுரை. எல்லாம் தொடர்பாடலில் வந்த விளக்கக் குறைவு என்று முடித்தார்கள். இரண்டு தரப்பும் சேர்ந்து ஒரு பட்டறைக்குப் போகலாம் என்றார்கள். மச்சாள் அதைக் கேட்டுவிட்டு, "எனக்கு இனிப் பழக ஒண்டும் இல்லை," என்றாள். வேலையை விட்டாள். அவள் மேசையில் இருந்த சாமானை எடுத்து வர நான்தான் மாடிக்குப் போனேன். ஒரு கம்பளிச் சட்டை, ஒரு குவளை, சின்னச் செடி ஒன்று. செடிக்கு யாரோ தண்ணீர் விட்டிருந்தார்கள். யார் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

ஆசுப்பத்திரியில் சொல்லித்தான் அவளுக்கு ஒரு மனநல ஆலோசகர் கிடைத்தா. கறுப்புப் பெண். கனகாலம் காத்திருந்துதான் இடம் வந்தது. அந்த அம்மா சனிக்கிழமைகளில் ஒரு கோயிலின் நிலக்கீழ் அறையில் கறுப்புப் பெண்களைச் சேர்த்துக் கதைக்க வைப்பா. ஒருநாள் மச்சாள் தனியே போகப் பயமாயிருக்கிறது என்றாள். நான் ரோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு கூடப் போனேன். என்னை உள்ளே விடமாட்டார்கள், அது அவர்களுக்கான இடம். நான் வெளி நடையில் இருந்தேன். பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தாதிமார் உடுப்போடு ஒருத்தி, கந்தோர் உடுப்போடு ஒருத்தி, குழந்தைகள் பராமரிக்கும் கார்டெரியின் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி ஒருத்தி. எல்லோரும் எனக்கு நல்ல மரியாதையாகப் பொன்ஜூர் சொன்னார்கள், மெதுவான குரலில். கதிரை காணாமல் பக்கத்து அறையில் இருந்து எடுத்துப் போனார்கள். எனக்கு அதுவரை, நடந்தது என் மச்சாள் ஒருத்திக்கு மட்டும் நடந்தது என்றுதான் மனதில் இருந்தது. கதிரைகளை இழுத்துக்கொண்டு போகும் சத்தத்தைக் கேட்டபடி அந்த நடையில் இருந்தபோது போகிற கதிரைகளை எண்ணத் தொடங்கினேன்.

இப்போது மச்சாள் நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் தண்ணீர் சோதிக்கிற ஒரு சின்ன இடத்தில் பாதி நேர வேலை செய்கிறாள். அங்கே நல்ல ஆட்களாம். அவள் அதை நம்புகிறாளா என்று எனக்குத் தெரியாது. குளிசை இன்னும் எடுக்கிறாள். கோயிலுக்கு வருவாள், ஆனால் பாடுகிறவர்களோடு நிற்பதில்லை. கடைசி வரிசையில் எங்களோடு இருப்பாள். வேறு பிள்ளை தங்கவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் கதைப்பதில்லை. சிரிக்கிறாள், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் சிரித்து முடித்ததும் எங்கள் முகங்களை ஒருதடவை பார்ப்பாள், ஏதும் கூடிப்போனதோ என்று.

நான் இன்னும் அதே தொழிற்சாலையில்தான். எனக்கு வேறு வேலை இலேசில் கிடைக்காது. இந்த வசந்தத்தில் மேல் மாடி ஆய்வுகூடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். கமரூனில் இருந்து படிக்க வந்து இங்கேயே நின்றவளாம். இளம் பெண். ஒரு மதியம் சாப்பாட்டறையில் இடம் தேடிக்கொண்டு நின்றாள். என் மேசையில் இடமிருந்தது. கூப்பிட்டேன். வந்திருந்து வாய் ஓயாமல் கதைத்தாள், இங்கத்தைக் குளிரைப் பற்றி, தன் அறைத் தோழியைப் பற்றி. பக்கத்து மேசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்குப் போய் மச்சாளிடம் சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டுகிறதை நிறுத்தாமல், "முகாமையாளர் அவர்தானா?" என்று கேட்டாள்.

"ஓம்."

இன்னும் ஒரு வெங்காயத்தை உரித்தாள். "அவளுக்கு என்ர நம்பரைக் குடு."

"என்ன எண்டு சொல்லிக் குடுக்கிறது?"

"ஒண்டும் சொல்லாதை. முதல்ல இருந்த ஆள் எண்டு மட்டும் சொல்லு."

அடுத்த நாள் கொடுத்தேன். அந்தப் பிள்ளை ஃபோனில் அதைப் பதிந்துகொண்டே, "ஏன், ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டாள். இல்லை, எப்பவாவது கதைக்க வேணும் போல இருந்தால் கதை என்றேன். "இங்க எல்லாரும் நல்ல ஆக்கள்தானே, மதாம்," என்றாள். பிறகு நேரத்தைப் பார்த்துவிட்டு எழும்பினாள். மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினாள்.

அவள் மச்சாளுக்கு இன்னும் ஃபோன் எடுக்கவில்லை. மச்சாளும் அதைப் பற்றி என்னைக் கேட்கவில்லை.